எதோடு எது சேராது

என் மனைவியின் மீன்கள் செத்தது என் அறியாமையால் என்று என் மகள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அக்காவும் மச்சானும்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள். விவரம் தெரியாத மனுசன், ஆசையாக எதையோ வாங்கி வந்து தொட்டியில் விட்டுவிட்டான் என்று. நடந்தது அது இல்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் என் மனைவிக்கும்.

சவூதியில், தம்மாமில் பதினாறு வருடம் டிரெய்லர் ஓட்டினேன். இரும்புக் குழாய் லோடின் மேல் ஏறி பெல்ட்டை இறுக்கும்போது கால் வழுக்கிக் கீழே விழுந்தேன். இடுப்பு எலும்பு உடைந்தது. அங்கேயே ஆபரேஷன் செய்து, உள்ளே பிளேட் வைத்து, நடக்க முடியாத என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து விமானம் ஏற்றி அனுப்பினார்கள். மதுரையிலிருந்து காரில் அருப்புக்கோட்டை வந்து என் வீட்டு வாசலில் இறங்கினேன். என் வீடு என்று சொல்கிறேனே தவிர, அந்த வீட்டில் நான் இருந்த நாளையெல்லாம் கூட்டினால் ஒரு வருடம்கூட வராது. எந்த சுவிட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்பது எனக்குத் தெரியாது.

பாத்ரூம் பக்கம் என்பதால் என் கட்டிலை ஹாலில் போட்டார்கள். கட்டிலுக்கு எதிரே, சுவரை ஒட்டி, இரும்பு ஸ்டாண்டின் மேல் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி இருந்தது. அதை என் மனைவி வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. போனில் படம் படமாக அனுப்புவாள். நான் சரியாகப் பார்க்காமலேயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு வண்டியை எடுப்பேன்.

நேரில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. பச்சைச் செடிகளுக்கு நடுவே நாற்பது மீன்களாவது இருக்கும். எல்லாம் கப்பி, மோலி, பிளாட்டி என்ற சின்ன வகைகள். அதில் ஒரு ஆண் கப்பியின் வால் உடம்பைவிடப் பெரிதாக விசிறி மாதிரி விரிந்திருக்கும், மயில்கழுத்து நிறத்தில். அது திரும்பும்போது வால் மட்டும் கொஞ்சம் பிந்தித் திரும்பும்.

எங்கள் ஊர்த் தண்ணீரில் மீன் வளர்ப்பது லேசு இல்லை. போர் தண்ணீரைப் பிடித்து வைத்தால் வாளி விளிம்பில் வெள்ளையாக உப்புக் கட்டிவிடும். ஆற்றுத் தண்ணீர் எட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும், அதிலும் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கி அடிக்கும். முதல் வருடம் அவள் வாங்கி விட்டதெல்லாம் செத்து மிதந்திருக்கிறது. அவள் விடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன் கடை வைத்திருப்பவரிடம் கேட்டு, தானாகவும் செய்து பார்த்து, இந்த உப்புத் தண்ணீருக்கு எது தாங்கும், எது தாங்காது, தாங்குவதிலும் எதோடு எதை விடலாம் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள்.

இதெல்லாம் எனக்குப் பிறர் வாயால்தான் தெரிந்தது. என்னை நலம் விசாரிக்க வருகிறவர்கள் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். எப்படி விழுந்தீர்கள், வலி இருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்பார்கள். பிறகு கண் தொட்டிப் பக்கம் போய்விடும். அவளிடம் கேட்க ஆரம்பிப்பார்கள். மல்லாங்கிணற்றில் இருந்து ஒரு டீச்சர் அடிக்கடி போன் பண்ணுவார். கோல்டு ஃபிஷ்ஷோடு கப்பியை விடலாமா, ஃபைட்டர் மீனைத் தனியாகத்தான் வைக்க வேண்டுமா என்று அந்தம்மா கேட்பதும், இவள் தோசை ஊற்றிக்கொண்டே பதில் சொல்வதும் எனக்குக் கேட்கும். அவள் குரலில் ஒரு தெளிவு இருக்கும். என்னோடு பேசும்போது அந்தக் குரல் வராது.

அவள் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டினாள், எண்ணெய் தேய்த்துவிட்டாள், பெட்பானை முகம் சுளிக்காமல் எடுத்தாள். ஆனால் எதையும் என்னிடம் கேட்கமாட்டாள். மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, மோட்டார் ரிப்பேரானால் யாரைக் கூப்பிடுவது, பெருநாளைக்கு யார் யாரை அழைப்பது என்று எல்லாம் நான் இல்லாமலேயே நடந்து பழகியிருந்தது. மகள் பள்ளிக்கூடத்து ஃபாரத்தைக் கொண்டுவந்தால் என் கட்டிலைத் தாண்டி அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவாள். அவளுக்குப் பதினைந்து வயது. வேண்டும் என்று செய்யவில்லை. அத்தா என்பது போனில் இருக்கிற ஆள், அவ்வளவுதான்.

ஒருநாள் மீன் கடைக்காரர் பில்டரைச் சரிசெய்ய வீட்டுக்கு வந்தார். வயதானவர். அக்கா, அக்கா என்று அவளிடம் அத்தனை மரியாதையாகப் பேசினார். ஏதோ ஒரு மீன் குட்டி போட்ட கதையைச் சொல்ல, அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். நான் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட அங்கே ஒன்றுமே இல்லை. அது இருந்திருந்தால்கூட எனக்குக் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவள் நான் இல்லாமல் நன்றாக வாழ்ந்திருக்கிறாள், நான் வந்த பிறகும் அப்படியேதான் வாழ்கிறாள் என்பது மட்டும்தான் அங்கே இருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்ட அன்றுதான் இந்தத் தொட்டியை இல்லாமல் ஆக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

உடைத்திருக்கலாம். கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் உடைத்தால் உடைத்தவன் நான் என்று தெரிந்துவிடும்.

ஒரு சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். அவள் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதோட எது சேராது? சொல்லேன், கேப்போம்" என்றேன்.

அவள் துணியைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள். கேலியாகக் கேட்கிறேனா என்று முகத்தைப் பார்த்தாள். பிறகு துணியைப் போட்டுவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, வேலை எதுவும் இல்லாமல், என் பக்கத்தில் அவள் வந்து உட்கார்ந்தது அன்றுதான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். தண்ணீரில் இருந்து ஆரம்பித்தாள். மீன் அழகாக இருக்கிறது என்று வாங்கக் கூடாது, நம் வீட்டுத் தண்ணீருக்குப் பொருந்துமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றாள். நியான் டெட்ரா என்று ஒரு மீன், மின்னல் மாதிரி இருக்கும், நம் உப்புத் தண்ணீரில் நிற்காது. கப்பியும் மோலியும் உப்பு இருந்தால் சந்தோஷமாக இருக்கும். கப்பியில் ஒரு ஆணுக்கு மூன்று பெண்ணாவது விட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் மீன் துரத்தித் துரத்தியே பெண்ணைக் கொன்றுவிடும். ஆரம்பத்தில் பத்து நியானோடு இரண்டு ஏஞ்சல் மீனை விட்டிருக்கிறாள். விடிந்து பார்த்தால் நான்கு நியான்தான் மிச்சம். "பேருதான் ஏஞ்சலு" என்று சொல்லிச் சிரித்தாள். ஒரு மீனின் வாய்க்குள் போகிற அளவில் இன்னொரு மீனை வைக்கக் கூடாது என்பது அந்தக் கடைக்காரர் சொன்ன பாடம்.

நான் நல்ல மாணவனாகக் கேள்வி கேட்டேன். கப்பிக்கு ஆகவே ஆகாத மீன் எது என்று கேட்டேன். ஆஸ்கார் என்றாள், வாய்க்குள் போவதெல்லாம் அதற்குத் தீனி, ஒரே நாளில் தொட்டி காலியாகிவிடும். வேறு என்றேன். டைகர் பார்ப் என்றாள்.

"அது முழுங்காது. வாலைத்தான் கடிக்கும். கப்பிக்கு வாலு நீளமா ஆடுதுல்ல, அதைப் பாத்தா அதுக்குச் சும்மா இருக்க முடியாது. கடிச்சுக் கடிச்சு வாலு பிஞ்சிரும். நீஞ்ச முடியாது, தீனிக்கு வர முடியாது, புண்ணுல பூசணம் புடிக்கும். நாள்கணக்குல கெடந்து சாகும்."

அந்த மீன் மோசமானது இல்லை என்றும் சொன்னாள். ஆறு, எட்டு என்று கூட்டமாக விட்டால் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு தன்பாட்டுக்கு இருக்கும். இரண்டு மூன்றாக விட்டால்தான் அடுத்ததன் வாலுக்கு வரும். இதைச் சொல்லும்போது கட்டில் விரிப்பின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினாள், இது கூட்டம், இது தனி என்று. கொண்டு வந்த டீ ஆறிப்போய்விட்டது. வேறு டீ போட்டுக் கொண்டு வந்தாள். அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போட்டாள், பாட்டா என்னவோ. மகளிடம், அத்தா மீனைப் பத்திக் கேட்டாக என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அப்போதாவது அந்த எண்ணத்தை நான் விட்டிருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து அவள் அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன் நடந்தது. அவளுக்கு ஊர் திருச்சுழி. ஆபரேஷன் முடிந்த அம்மாவோடு மூன்று நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். எனக்குச் சாப்பாடு பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து வரும் என்று ஏற்பாடு. நான் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்திருந்தேன். மீனுக்குக் காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை போட்டால் போதும் என்று தீனி டப்பாவை என் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் போன அன்றே ஆட்டோவில் மீன் கடைக்குப் போனேன். டைகர் பார்ப் கேட்டேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"அக்கா தொட்டியில கப்பிதான கெடக்கு? அதோட விட்றாதீங்க பாய். அக்காட்ட கேட்டுக்கிட்டீங்களா?"

இது வேறு தொட்டி, எனக்கென்று தனியாக வாங்கியிருக்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படியென்றால் ஆறாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்று போதும், மற்றதைப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட மூன்று மீன்களைப் பிடித்து, பையில் காற்றடைத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தன.

ஆஸ்காரை ஏன் வாங்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அது முழுங்கிவிட்டால் அவள் வந்து பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதுவுமில்லாமல், ஆஸ்காரை வாங்கி விட்டால் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும். கோடு போட்ட சின்ன மீன் என்றால், பாவம், தெரியாமல் வாங்கிவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். இதையெல்லாம் நான் நிதானமாக யோசித்து வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து, அவள் செய்வாள் என்று பார்த்து வைத்திருந்தபடியே, பையைத் திறக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டேன். உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் புது மீன் அதிர்ந்துபோகும். பிறகு ரப்பர் பேண்டை எடுத்தேன்.

முதல் அரைநாள் மூன்றும் செடிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றன. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மறுநாள் காலையில் ஆரம்பித்துவிட்டன. மயில்கழுத்து நிறக் கப்பியைத்தான் முதலில் பிடித்தன. ஒன்று பின்னால் போய் வாலைப் பறிக்கும், அது திரும்பினால் இன்னொன்று அந்தப் பக்கமிருந்து பறிக்கும். மதியத்துக்குள் அந்த விசிறி வால் சீப்புப் பல்லாக ஆகிவிட்டது. சாயங்காலம் அதுவும் இல்லை, கட்டைதான். அது தலையைக் கீழே தொங்கவிட்டபடி பில்டர் குழாய்க்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. மேலே வரவேண்டும் என்று உடம்பை உதறும். ஒரு விரற்கடை வரும். திரும்பக் கீழே போகும்.

கடையில் கொடுத்த சின்ன வலை ஸ்டாண்டிலேயே தொங்கியது. நான் கட்டிலில் இருந்து கையை நீட்டினால் எட்டும் தூரம். நீட்டவில்லை. தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டு பார்த்தேன். அக்கா வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். வயிறு பெருத்த மோலி ஒன்று, குட்டி போடும் நாள் நெருங்கியது, ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தியது. எனக்கு மனசு கலங்கவில்லை. உள்ளதைச் சொல்வதென்றால், விழுந்த நாளுக்குப் பிறகு அந்த இரண்டு மத்தியானம்தான் இடுப்பு வலி தெரியாமல் அசந்து தூங்கினேன்.

அவள் தினமும் போன் பண்ணினாள். உங்களுக்கு வலி எப்படி, சாப்பாடு வந்ததா என்று கேட்டுவிட்டு, கடைசியாகத்தான் மீனுக்குத் தீனி போட்டீர்களா என்று கேட்பாள். போட்டேன் என்றேன். அது உண்மைதான். தவறாமல் போட்டேன். மகள் வீடியோ காலில் வந்து மீனைக் காட்டச் சொன்னபோது நெட் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் மதியம் வந்தார்கள். அவள் பையைக் கீழே வைத்தாள். புர்காவைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நின்றாள். பதினொரு மீன் செத்திருந்தது. செத்ததை நான் எடுக்கவில்லை, அப்படியே மிதந்தன. உயிரோடு இருந்ததில் முக்கால்வாசிக்கு வால் இல்லை. சிலவற்றின் மேல் பஞ்சு ஒட்டினாற்போலப் பூசணம் பிடித்திருந்தது.

"நீ ஊர்ல இருந்து வந்ததும் பாக்கட்டுமேன்னு வாங்கிட்டு வந்தேன். கோடு கோடா அழகா இருந்துச்சு" என்றேன். சொல்லிப் பழகிய வார்த்தைதான், சரியாகவே வந்தது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா அழவில்லை. கண்ணாடியில் முகத்தைக் கிட்டே வைத்து உள்ளே தேடினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், செடிக்குப் பின்னால், கல்லுக்குப் பின்னால், எல்லா இடத்திலும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மூணுதான் வாங்குனீங்களா?"

ஆமாம் என்றேன்.

அவ்வளவுதான் கேட்டாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்தான் முதலில் கண்ணை எடுத்தேன்.

புர்காவைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து வேலையில் இறங்கினாள். கோட்டு மீன் மூன்றையும் வலையில் பிடித்துத் தனி வாளியில் விட்டாள். செத்ததை அள்ளிக் கொல்லையில் குழி தோண்டிப் போட்டாள். மிச்சத்தை அண்டாவில் விட்டு, கல்லுப்புக் கரைத்து ஊற்றி வைத்தியம் பார்த்தாள். அவற்றிலும் பல ஒரு வாரம் வரைக்கும் ஒவ்வொன்றாகச் செத்தன. மோலி குட்டி போட்டுவிட்டுச் செத்தது. அந்த நாட்களில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க தெரியாமத்தானத்தா செஞ்சீக, வருத்தப்படாதீக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நாடு திரும்பிய பிறகு அவளாக வந்து என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவள் அம்மா அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். நினைத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது.

என்னிடம் மட்டும் ஒரே ஒருமுறை பேசினாள். எனக்கு இடுப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க எங்கிட்ட உக்காந்து கேட்டது அந்த ஒண்ணுதான்."

பிறகு துணியைப் போர்த்திவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்தேன் என்று ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்று அந்த நேரத்திலும் கணக்குப் போட்டேன்.

பார்ப் மீன்களை அவள் என்ன செய்வாள் என்று காத்திருந்தேன். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பாள், இல்லாவிட்டால் சாக்கடையில் கொட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கடைக்குப் போய் இன்னும் ஐந்து பார்ப் வாங்கி வந்தாள். தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு, எட்டையும் அதில் விட்டாள். அதுகள் என்ன செய்யும், அதுகளின் குணம் அது என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டும் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு கொழுத்து வளர்ந்தன. வேளைக்கு வந்து தீனி போடுவாள், கண்ணாடி துடைப்பாள், என் கண் முன்னாலேயே செய்வாள். கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிழைத்த கப்பிகளையும் மோலிக் குட்டிகளையும் மொட்டை மாடிக்குக் கொண்டு போனாள். அங்கே வட்டமாக இரண்டு சிமெண்டுத் தொட்டி இறக்கி, வெயிலுக்குப் பச்சை வலை கட்டினாள். அடுத்த மழைக்காலத்துக்குள் அவை நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டதாக மகள் சொன்னாள். தெருப் பெண்கள் டப்பாவோடு வருவார்கள். மல்லாங்கிணறு டீச்சர்கூட ஒருமுறை நேரில் வந்துவிட்டுப் போனார். எல்லாரும் என்னைப் பார்த்து நலமா என்று கேட்டுவிட்டு மாடிப்படி ஏறிவிடுவார்கள். தலைக்கு மேலே காலடிச் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்கும். எதோடு எதை விடலாம் என்று அவள் மேலே விளக்கிக்கொண்டிருப்பாள். வார்த்தை புரியாது, குரல் மட்டும் வரும்.

போன வருடம் டாக்டர் படி ஏறிப் பழகச் சொன்னார். தினமும் ஏறினேன். முதலில் நான்கு படி, பிறகு ஏழு. மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒருநாள் காலை வெயில் ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்து, நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து, கடைசிப் படி வரைக்கும் போய்விட்டேன். சட்டை முழுதும் வியர்வை. மாடிக் கதவு வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நான் கதவைத் தட்டி, "நான்தான், ஏறி வந்துட்டேன்" என்றேன்.

தண்ணீர் சத்தம் நின்றது. செருப்பு கதவருகே வந்தது. தாழில் கை வைத்த சத்தமும் கேட்டது.

"கீழ போங்க. இங்க பூரா ஈரமாக் கெடக்கு, வழுக்கிரும்" என்றாள்.

கைப்பிடியைப் பிடித்துத் திரும்பினேன். மறுபடி வாளிச் சத்தம் கேட்டது. ஏறுவதைவிட இறங்குவது எனக்குக் கஷ்டம், முதலில் எந்தக் காலை வைப்பது என்று ஒவ்வொரு படியிலும் யோசிக்க வேண்டும். பாதி இறங்குவதற்குள் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தாள்.